விடியக்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன – சின்னத் தொட்டிக்கு ஒட்சிசன் போதாதா?

கல்லடிப்பாலம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மீன் வளர்ப்பில் பழக்கமுள்ள அண்ணாமார், அக்காமார் யாராவது இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பது சின்னக் கண்ணாடித் தொட்டி. ஒன்றரை அடி நீளம், முக்கால் அடி அகலம், ஒரு அடி உயரம். உள்ளே நான்கு கோல்ட் பிஷ், வாலை விட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றும் இரண்டரை அங்குலம் வரும். அதோடு கொஞ்சம் கப்பி, கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிற சக்கர் மீன் ஒன்று. நீட்டுப் புல் மாதிரியான செடி பின்பக்கம் அடர்த்தியாக வளர்ந்திருக்கிறது. சின்ன எயார் பம்ப் ஒன்றும், அதன் குழாய் முனையில் குமிழி விடுகிற கல்லும் இருக்கின்றன. தண்ணீர் எங்கள் கிணற்றில் இருந்துதான்.

வெக்கையான கச்சான் காற்று தொடங்கியதில் இருந்து ஒரு பிரச்சினை. விடியக்காலையில் எழும்பிப் பார்த்தால் கோல்ட் பிஷ் நான்கும் மேல்மட்டத்தில் சரிந்து நின்றுகொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. செவுள் படபடவென்று அடிக்கிறது. கையைக் கொண்டுபோனால் கீழே ஓடுகின்றன, அடுத்த நிமிடமே திரும்ப மேலே. பம்பைப் போட்டுவிட்டால் ஒன்பது பத்து மணிக்குள் ஒன்றுமே நடக்காதது மாதிரி சாப்பாடு கேட்டு வருகின்றன. இரவில் பம்பை நிற்பாட்டித்தான் வைக்கிறோம். அது அலுமாரிக்கு மேலே இருந்து இரைகிறது, பக்கத்தில் அம்மம்மா படுக்கிறவர். வாங்கிய கடையில் கேட்டால், செடி இருந்தால் இரவில் பம்ப் தேவையில்லை, செடியே ஒட்சிசன் கொடுக்கும் என்றார்கள். மறுகா ஒட்சிசன் குளிசை என்று ஒரு பைக்கற்றும் தந்தார்கள். அதை இன்னும் போடவில்லை.

என் கேள்விகள் இவைதான். செடி இருந்தும் ஏன் விடியலில் இப்படி? அந்தக் குளிசை போடலாமா? கரண்ட் போனால் என்ன செய்வது? இவை தங்கச்சியின் மீன்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். ஒன்றைக்கூட இழக்க விருப்பமில்லை.

கல்முனைக் கப்பி எழுதியது:

தம்பி, விளக்கமெல்லாம் பிறகு யாராவது தருவார்கள், முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியது. பம்பை இரவும் பகலும் ஓட விடுங்கள். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள், ஆனால் கிணற்றில் அள்ளியதை அப்படியே ஊற்ற வேண்டாம், அகலமான பேசினில் ஊற்றி சில மணித்தியாலம் பம்ப் கல்லைப் போட்டுக் குமிழ விட்டு எடுங்கள். இன்றைக்கும் நாளைக்கும் சாப்பாடு போடாதீர்கள், கோல்ட் பிஷ் இரண்டு நாள் சாப்பிடாமல் சும்மா இருக்கும்.

விடியலில் திரும்பவும் மேலே நின்றால் ஒரு கோப்பையை எடுத்துத் தொட்டித் தண்ணீரையே அள்ளி ஒரு சாண் உயரத்தில் இருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். பத்து நிமிடம் விடாமல் செய்தால் மீன்களின் மூச்சு அடங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மின்சாரமே இல்லாமல் செய்யக்கூடிய முதலுதவி இது ஒன்றுதான்.

திருக்கோவில் டீச்சர் எழுதியது:

கல்முனைக் கப்பி சொன்னதை அப்படியே செய்யுங்கள் தம்பி. நான் ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். காரணம் பிடிபட்டால் பிறகு ஒவ்வொரு தடவையும் யாரிடமும் கேட்கத் தேவையில்லாமல் போகும்.

பாடசாலையில் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற ஒன்றில் இருந்து தொடங்குகிறேன். தண்ணீரிலேயே ஐதரசனும் ஒட்சிசனும்தானே இருக்கிறது, பிறகு மீனுக்கு எப்படித் தட்டுப்பாடு வரும் என்பார்கள். தண்ணீர் மூலக்கூறோடு பிணைந்திருக்கும் ஒட்சிசனை எந்த மீனாலும் எடுக்க முடியாது. காற்றில் இருந்து வந்து தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனைத்தான் செவுள் வடித்தெடுக்கிறது. அந்தக் கரைந்த அளவோ மிகக் கொஞ்சம். 30 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கிறது. அதே சூட்டில் ஒரு லீற்றர் நன்னீர் முழுதாக நிறைந்திருந்தாலும் ஏழரை மில்லிகிராம் அளவுதான் பிடிக்கும். 20 பாகையில் அது ஒன்பதுக்குக் கொஞ்சம் மேலே இருந்திருக்கும். தண்ணீர் சூடாக ஆகப் பிடிக்கிற அளவு குறைந்துகொண்டே போகிறது. மீனோ குளிர்குருதி விலங்கு, தண்ணீர் சூடானால் அதன் உடல் வேகமாக இயங்கி, தேவைப்படும் ஒட்சிசன் கூடுகிறது; 10 பாகை ஏறினால் தேவை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கச்சான் வீசுகிற காலத்தில் இது ஏன் தொடங்கியது என்று இப்போது விளங்கும். வரவு குறைகிற அதே நேரத்தில் செலவு கூடுகிறது. கோல்ட் பிஷ் வேறு குளிர்ந்த தண்ணீருக்குப் பழகிய இனம், 20 பாகையை ஒட்டிய சூட்டில்தான் அதற்குச் சுகம். எங்கள் ஊர் வெக்கையில் அது எப்போதும் கொஞ்சம் சிரமத்தோடுதான் வாழ்கிறது.

இனி விடியற்காலை. செடி ஒட்சிசன் கொடுக்கும் என்று கடையில் சொன்னது பகலுக்கு மட்டும் சரி. வெளிச்சம் இருக்கும்போது ஒளித்தொகுப்பு நடக்கிறது, ஒட்சிசன் வெளிவருகிறது. செடி சுவாசிப்பது மட்டும் இருபத்து நான்கு மணித்தியாலமும் நிற்பதில்லை. இருட்டியதும் ஒளித்தொகுப்பு நின்றுபோய், செடியும் மீனும் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாவும் எல்லாமாகச் சேர்ந்து ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விட்டுக்கொண்டே இருக்கும். இரவு முழுக்கக் குறைந்து குறைந்து, சூரியன் கிளம்புவதற்குச் சற்று முன்னால் அது ஆகக் குறைந்த மட்டத்துக்கு வரும். நீங்கள் எழும்பிப் பார்க்கிற நேரம் அதுதான். செடி அடர்த்தியாக இருக்கும் தொட்டியில்தான் இந்த ஏற்ற இறக்கம் ஆக அதிகம். ஆகவே பம்பை ஒரு நேரம் நிற்பாட்டித்தான் ஆகவேண்டும் என்றால் பகலில் நிற்பாட்டுங்கள், இரவில் ஒருபோதும் வேண்டாம்.

இன்னொன்று, குமிழியைப் பற்றி. பம்ப் விடுகிற குமிழிதான் தண்ணீருக்குள் ஒட்சிசனை ஏற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு அடி ஆழத்தில் குமிழி கல்லை விட்டுக் கிளம்பி மேலே வந்து உடைய ஒரு விநாடி, கூடினால் இரண்டு விநாடி. அந்த நேரத்துக்குள் அதில் இருந்து கரைவது சொற்பம். பெரிய வேலையைச் செய்வது தண்ணீரின் மேற்பரப்பு. காற்றும் தண்ணீரும் தொட்டுக்கொள்கிற இடம் அதுதான், ஒட்சிசன் உள்ளே போவதும் காபனீரொட்சைட்டு வெளியே போவதும் அங்கேதான். தண்ணீர் அசையாமல் கிடந்தால் மேலே கரைந்த ஒட்சிசன் தானாகக் கீழே இறங்க மிக நீண்ட நேரம் எடுக்கும், ஏனென்றால் தண்ணீருக்குள் அது பரவுகிற வேகம் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. குமிழித் தூண் மேலே ஏறும்போது அடித் தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது, மேற்பரப்பைக் குலைத்து அலை எழுப்புகிறது. பம்பின் பெரிய உபகாரம் இந்தச் சுற்றோட்டம். அதனால்தான் பம்ப் இல்லாமல் ஒரு பில்டரின் வாயை மேற்பரப்பை நோக்கித் திருப்பி வைத்தாலும் அதே பலன் கிடைக்கிறது.

கடைசியாக மீன் எண்ணிக்கை. சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. மீன் வளர்ப்பவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. காற்றூட்டம் இல்லாத தொட்டியில், வெப்ப நாட்டுச் சின்ன மீன் என்றால் ஒரு அங்குல மீனுக்கு 12 சதுர அங்குல மேற்பரப்பு, கோல்ட் பிஷ் என்றால் 30 சதுர அங்குலம். உங்கள் தொட்டியின் மேற்பரப்பு 18 தர 9, ஆக 162 சதுர அங்குலம். கோல்ட் பிஷ்ஷுக்கு அது ஐந்து அங்குலத்துக்குத்தான் காணும். உங்களிடம் இருப்பதோ பத்து அங்குலம், கப்பியும் சக்கரும் அதற்கு மேலே. பம்ப் ஓடும்வரை தாங்கும், நின்றால் தாங்காது. இவை இன்னும் வளரும் மீன்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆரையம்பதி எழுதியது:

டீச்சர் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் பம்ப் இல்லாமல் மீனே வளர்க்க முடியாது என்று வாசிக்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது. என் வீட்டு முற்றத்தில் சீமெந்துத் தொட்டி ஒன்றில் பல வருடமாகக் கௌராமியும் கப்பியும் பம்ப் இல்லாமல்தான் இருக்கின்றன. ஆழம் முழங்கால் அளவு, அகலம் தாராளம், மேலே கொஞ்சம் ஆகாயத்தாமரை, அது பெருகினால் அள்ளி வீசிவிடுவேன். விடியலில் போய்ப் பார்த்தாலும் ஒன்றும் வாய் பிளந்து நிற்காது.

திருக்கோவில் டீச்சர் எழுதியது:

நீங்கள் சொன்னது நான் எழுதியதற்கு நல்ல உதாரணம் ஆரையம்பதி அண்ணா. அகலம் தாராளம், மீன் குறைவு, முற்றத்துக் காற்று மேற்பரப்பை அசைத்துக்கொண்டே இருக்கிறது. ஒடுங்கி உயர்ந்த கண்ணாடித் தொட்டிக்கு இது எதுவும் இல்லை. அதோடு கௌராமி, பைட்டர் மாதிரி மீன்களுக்குத் தலைக்குள் செவுளுக்கு மேலே இன்னொரு சுவாச உறுப்பு உண்டு, நேரே காற்றை விழுங்கிச் சுவாசிக்கும். எங்கள் வயல் வாய்க்காலில் விரால் சேற்றுத் தண்ணீரில் பிழைத்துக் கிடப்பதும் இப்படித்தான். அவை இடைக்கிடை மேலே வந்து ஒரு மிடறு எடுத்துக்கொண்டு கீழே போனால் அது அவற்றின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. சக்கரும் தேவைப்பட்டால் அப்படி ஒரு பாய்ச்சல் வந்து போகும். கோல்ட் பிஷ் மேலேயே நின்றுகொண்டு வாயடிப்பது வேறு, அது திணறல். ஒரே தொட்டியில் எது எப்படி நிற்கிறது என்று இனம் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதி நோய் அங்கேயே பிடிபடும்.

சம்மாந்துறைக் காக்கா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். நான் மீன் குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறவன், அதனால் சாமான் பக்கத்தை நான் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் பம்ப் இரைவதற்கு முக்கால்வாசிக் காரணம் கல் அடைபட்டிருப்பதாகத்தான் இருக்கும். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூடினால் கல்லின் துளைகளில் வெள்ளையாகப் படிந்துவிடும், பிறகு பாசியும் சேரும். காற்று வெளியே போக வழியில்லாமல் பம்புக்குள் இருக்கிற றப்பர் திணறும், சத்தம் கூடும், போகப்போக றப்பர் கிழியும். கல்லைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மட்டும் தண்ணீருக்குள் பிடித்துப் பாருங்கள். குமிழி குபுகுபுவென்று வந்து சத்தமும் குறைந்தால் கல்தான் காரணம். கல்லை வினாகிரியில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிறசால் உரசி, நன்றாகக் கழுவி, காய வைத்துப் போடுங்கள். தேறாவிட்டால் புதுக் கல் வாங்குங்கள், விலை பெரிதில்லை.

அப்புறம் பம்பை அலுமாரிப் பலகையில் வெறுமனே வைத்தால் பலகையே சேர்ந்து அதிரும். மடித்த துவாய் ஒன்றின் மேலே, இல்லாவிட்டால் தடித்த ஸ்பொஞ்ச் துண்டின் மேலே வையுங்கள். கயிற்றில் தொங்கவிட்டால் இன்னும் நல்லது, அம்மம்மா நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் ஒன்று, பம்ப் எப்போதும் தண்ணீர் மட்டத்தை விட உயரத்திலேயே இருக்க வேண்டும். கீழே இருந்தால் கரண்ட் போகும் நேரம் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி இறங்கிப் பம்புக்குள் போய்விடும், பம்பும் போகும், நிலமும் நனையும், மின்சாரம் பாயவும் கூடும். கீழேதான் வைக்க இடம் என்றால் குழாயின் நடுவில் ஒருவழி வால்வு ஒன்றைப் பூட்டுங்கள். பூட்டுமுன் வாயால் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கத்தால் ஊதினால் காற்றுப் போக வேண்டும், மறுபக்கத்தால் போகக் கூடாது. ஊதிய காற்று வெளியே வருகிற முனை தொட்டிப் பக்கம்.

வெறும் கல்லை விட ஸ்பொஞ்ச் பில்டர் ஒன்றை அந்தப் பம்பிலேயே பூட்டச் சொல்வேன். ஒரே காற்றில் தண்ணீரும் சுற்றும், அழுக்கும் பிடிபடும், ஸ்பொஞ்சுக்குள் நல்ல பற்றீரியாவும் குடியிருக்கும். மீன் கழிவில் வருகிற அமோனியாவைத் தின்று தீர்ப்பது அந்தப் பற்றீரியாதான், அதற்கும் ஒட்சிசன் வேண்டும். இரவு முழுக்கப் பம்பை நிற்பாட்டினால் மீன் திணறுவது மட்டுமில்லை, இந்தப் பற்றீரியாவும் சாகத் தொடங்கும், அமோனியா ஏறும். ஸ்பொஞ்சைக் கழுவும்போது சவர்க்காரம் வேண்டாம், பைப் தண்ணீரும் வேண்டாம். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரை வாளியில் வைத்து அதற்குள் பிழிந்து எடுத்தால் போதும்.

இனிக் குளிசை. அதைப் போட வேண்டாம் தம்பி. வாடிக்கையாளர் கேட்டால் நானும் இதைத்தான் சொல்கிறேன். பெரும்பாலும் அதில் இருப்பது சோடியம் பெர்காபனேற்று. தண்ணீரில் கரைந்து ஐதரசன் பேரொட்சைட்டாகி, அதில் இருந்து கொஞ்ச நேரத்துக்கு ஒட்சிசன் வரும். கூடவே தண்ணீரின் காரத்தன்மையும் ஏறும். அதை அளக்கிற பீஎச் ஒன்று ஏறினால் அமோனியாவின் நச்சுப் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடும். அழுக்குத் தொட்டியில் இதைப் போட்டால் ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறித்த கதைதான். பையில் கட்டித் தூர இடத்துக்குக் கொண்டுபோகிறபோது உதவலாம், வீட்டுத் தொட்டிக்கு நாளாந்த மருந்தாக அது ஆகாது.

கல்லடிப்பாலம் எழுதியது:

டீச்சருக்கும் காக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் மிக்க நன்றி. கல்லைக் கழற்றிப் பார்த்தேன், காக்கா சொன்ன மாதிரியே வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. பம்பைத் துவாய்க்கு மேலே வைத்ததும் அம்மம்மாவுக்குச் சத்தமே கேட்கவில்லையாம், இனி இரவிலும் ஓடும்.

இன்னும் இரண்டு சந்தேகம். தண்ணீருக்கு மேலே எண்ணெய் மிதப்பது மாதிரி மெல்லிய படை ஒன்று இருக்கிறது, விரலால் தொட்டால் கிழிந்து துண்டு துண்டாக விலகுகிறது. அது ஏதாவது செய்யுமா? பூனைக்காகத் தொட்டியைக் கண்ணாடியால் முழுதாக மூடி வைக்கிறோம், அதனால் காற்றுத் தட்டுப்படுமா? பிறகு கரண்ட் போகும் நேரத்துக்கு என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

கல்முனைக் கப்பி எழுதியது:

படை கட்டாயம் செய்யும் தம்பி. சாப்பாட்டில் இருக்கும் கொழுப்பு, புரதம், பற்றீரியா எல்லாம் மேலே திரண்டதுதான் அது. காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே மூடி மாதிரிக் கிடந்து வாயுப் பரிமாற்றத்தைக் குறைக்கும். மணமில்லாத வெள்ளை டிசுத்தாள் ஒன்றைத் தண்ணீருக்கு மேலே மெதுவாக விரித்து, ஒரு ஓரத்தில் பிடித்து இழுத்து எடுத்தால் படை தாளோடு வந்துவிடும். இரண்டு மூன்று தாளில் மேற்பரப்பு பளபளவென்று ஆகிவிடும். பம்ப் இரவும் ஓடினால் பெரும்பாலும் திரும்ப வராது. வந்தால் சாப்பாடு கூடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போட்டால் போதும். மிச்சம் அடியில் போய் அழுகும், அழுகுவதும் ஒட்சிசனைத்தான் தின்னும்.

மூடியை எடுத்துவிட்டு நுளம்பு வலை, இல்லாவிட்டால் ஓட்டை பெரிதான பிளாஸ்ரிக் வலை கட்டுங்கள். பூனையும் போகாது, மீனும் பாயாது, காற்றும் வரும். மேசை விசிறியைத் தண்ணீரின் மேலே படும்படி வைத்தால் தண்ணீர் ஆவியாகி இரண்டு மூன்று பாகை குறையும். கச்சான் காலத்துக்கு இது பெரிய உதவி. தண்ணீர் வற்றுவதை மட்டும் பார்த்துப் பார்த்து நிரப்புங்கள்.

சம்மாந்துறைக் காக்கா எழுதியது:

கரண்ட் விஷயம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்ததே, அந்தக் காலத்தில் மீன் வளர்க்கிற எல்லோருக்கும் இதுதான் ஒரே பேச்சு. பற்றரியில் ஓடுகிற எயார் பம்ப் கடைகளில் கிடைக்கிறது, பெரிய டோர்ச் பற்றரி இரண்டு போடுகிற வகை. அதை விட இப்போது யூஎஸ்பி வயர் உள்ள சின்னப் பம்ப் நல்லது. ஒன்று இரண்டு வாற்றுத்தான் எடுக்கும், போனுக்கு வைத்திருக்கிற பத்தாயிரம் மில்லியம்பியர் பவர் பாங்கில் ஒரு இரவு முழுக்க ஓடும். வாங்கியவுடனேயே உங்கள் பவர் பாங்கில் பூட்டி ஒரு மணித்தியாலம் ஓட விட்டுப் பாருங்கள், ஏனென்றால் சில பவர் பாங்குகள் இழுவை குறைவாக இருந்தால் போன் நிறைந்துவிட்டது என்று நினைத்துத் தானாக நின்றுவிடும். இரவு பன்னிரண்டு மணிக்கு அது நின்று, நீங்கள் தூங்கிவிட்டால் பிறகு என்ன செய்ய.

ஒன்றுமே இல்லாவிட்டால் கோப்பையால் அள்ளி ஊற்றுவதுதான். அரை மணித்தியாலத்துக்கு ஒருதடவை ஐந்து நிமிடம். கரண்ட் போகும் என்று தெரிந்தால் அன்றைக்குச் சாப்பாடு போடாதீர்கள், சாப்பிட்ட மீன் செமிக்கிறதுக்கே கூட ஒட்சிசன் எடுக்கும். தொட்டி நிரம்பி வழிய நிற்க வேண்டாம், கொஞ்சம் குறைந்தால் ஊற்றும்போது விழுகிற உயரம் கூடும்.

கிணற்றுத் தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. நிலத்தடித் தண்ணீரில் இயல்பாகவே ஒட்சிசன் குறைவு, காபனீரொட்சைட்டு கூட. தெளிவாக இருக்கிறது என்று அள்ளி நேரே ஊற்றினால் திணறல் கூடத்தான் செய்யும். முதல் நாள் பின்னேரம் அகலப் பேசினில் அள்ளி வைத்துக் கல்லைப் போட்டு விட்டால் விடியத் தண்ணீர் தயார். உங்கள் மட்டக்களப்புக் கல்லடி நிலம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல், வரட்சியில் சில கிணறுகள் உவர்க்கும், வாயில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உன்னிச்சைக் குளத்தில் இருந்து சுத்திகரித்து வருகிற பைப் தண்ணீரும் உங்களுக்கு இருந்தால் அதை எடுக்கலாம். ஆனால் அதில் குளோரின் இருக்கும், அது செவுளையே எரிக்கும். ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துக் குமிழ விட்டோ, கடையில் விற்கிற அன்ரி குளோரின் போட்டோதான் பாவிக்க வேண்டும்.

திருக்கோவில் டீச்சர் எழுதியது:

காக்கா குளோரினைத் தொட்டதால் இதையும் சேர்க்கிறேன். மீன் மேலே வந்து திணறுவதெல்லாம் ஒட்சிசன் குறைவு என்று முடிவு கட்ட வேண்டாம். விடியலில் மட்டும் வந்து, பம்ப் போட்டதும் தெளிந்தால் அது ஒட்சிசன். தண்ணீர் மாற்றிய கையோடு வந்தால் குளோரினைச் சந்தேகியுங்கள். நாள் முழுக்க, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே திணறி, செவுள் சிவந்து, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடந்தால் பெரும்பாலும் அமோனியா. அப்போது எத்தனை பம்ப் போட்டும் பயனில்லை, தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். ஒரே ஒரு மீன் மட்டும் திணறி மற்றவை நன்றாக இருந்தால் அந்த மீனின் செவுளில் ஒட்டுண்ணியோ காயமோ இருக்கலாம். அமோனியாவைப் பற்றீரியா மாற்றும்போது வருகிற நைத்திரைற்று ஏறினால் குருதியே கபில நிறமாகி, தண்ணீரில் ஒட்சிசன் நிறைய இருந்தும் மீனால் அதைக் கொண்டுசெல்ல முடியாமல் போகும். மீன் சாமான் கடைகளில் அமோனியாவுக்கும் நைத்திரைற்றுக்கும் சோதனைத் துளிமருந்து கிடைக்கிறது. நான்கு கோல்ட் பிஷ் வைத்திருக்கிற வீட்டில் அது இருக்க வேண்டும்.

கல்லடிப்பாலம் எழுதியது:

இப்போது ஒவ்வொன்றாக விளங்குகிறது. நேற்று இரவு பம்ப் முழுக்க ஓடியது, இன்று விடியப் பார்த்தபோது கோல்ட் பிஷ் நான்கும் செடிக்குப் பக்கத்தில் நடுத் தண்ணீரில் நின்றன. கப்பி மட்டும் மேலே.

எண்ணிக்கையைப் பற்றி வீட்டில் கதைத்தோம். கோல்ட் பிஷ்ஷை யாருக்கும் கொடுக்கத் தங்கச்சி சம்மதிக்கிறாள் இல்லை. பின் வாசலில் மா மரத்துக்குக் கீழே பழைய சீமெந்துத் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது, மூன்றடிக்கு இரண்டடி, ஆழம் ஒன்றரை அடி. அதற்கு மாற்றலாமா? நேரே மாற்றினால் தாங்குமா?

ஆரையம்பதி எழுதியது:

நல்ல யோசனை தம்பி, அதுதான் சரியான இடம். மேற்பரப்பே ஆறு சதுர அடி, டீச்சரின் கணக்கில் 864 சதுர அங்குலம், நான்கு கோல்ட் பிஷ் வளர்ந்தாலும் பல வருடம் இடிபடாமல் இருக்கும். மர நிழல் இருப்பதால் தண்ணீர் கொதிக்காது. ஆனால் மா இலையை நாளாந்தம் அள்ள வேண்டும், அடியில் அழுகினால் கண்ணாடித் தொட்டியில் நடந்ததே இங்கேயும் நடக்கும்.

சீமெந்து நீண்ட நாள் காய்ந்து கிடந்ததென்றால் நிரப்பி ஒரு கிழமை விட்டு ஊற்றிவிடுங்கள், பிறகும் ஒருமுறை நிரப்பி ஊற்றுங்கள், சுண்ணாம்புக் காரம் இறங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சிலர் வாழைத்தண்டு வெட்டிப் போட்டு ஊற வைப்பார்கள், போடுவதென்றால் தண்டு அழுகுமுன் எடுத்துத் தண்ணீரை மாற்றிவிடுங்கள். மூன்றாவது தடவை நிரப்பும்போது கண்ணாடித் தொட்டியில் இருக்கிற தண்ணீரில் பாதியையாவது அதற்குள் சேருங்கள். காக்கா சொன்ன ஸ்பொஞ்ச் பில்டரை இப்போதே வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் ஓட விட்டால், மாற்றுகிற நேரம் அதையும் மீனோடு சேர்த்துத் தூக்கி வைக்கலாம், பற்றீரியா கூடவே போகும். மாற்றுவது பின்னேர வெயில் தணிந்த பிறகு. மீனைப் பையில் போட்டுப் புதுத் தண்ணீரில் கால் மணித்தியாலம் மிதக்க விட்டு, பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தண்ணீரைச் சேர்த்து, பிறகு கையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கொக்கும் மீன்கொத்தியும் உங்கள் பக்கத்தில் வாவியில் இருந்து வரும், வலை கட்டாமல் ஒரு நாள்கூட விட வேண்டாம்.

கல்லடிப்பாலம் எழுதியது:

வலை வாங்க இன்றைக்கே நகரத்துக்குப் போகிறேன் அண்ணா. நுளம்பு வலை காணுமா, இல்லை மீனவர் பாவிக்கிற வலைத் துண்டு நல்லதா?

ஆரையம்பதி எழுதியது:

நைலோன் மீன் வலையில் குருவி சிக்கிச் சாகும் தம்பி. இரும்புக் கடையில் பச்சை நிறத்தில் தடித்த பிளாஸ்ரிக் வலை விற்கிறார்கள், கோழிக்கூட்டுக்கு அடிக்கிற வகை, அதில் நான்கடிக்கு மூன்றடி வாங்குங்கள். நான்கு பக்கமும் மடித்துச் செங்கல் வைத்தால் போதும்.